தையல்காரி வால்டெலிசின் அகோகோ

சால்வடோர் நகரில் லிபர்டாடே பேட்டைத் தையல்காரி வால்டெலிஸ், போன கார்னிவல் ஊர்வலத்தில் தன் அகோகோவைத் தொலைத்துவிட்டாள். குச்சியால் தட்டினால் இரண்டு குரலில் பேசும், பெரிதும் சிறிதுமான இரட்டை இரும்பு மணி அது. புதிதாக ஒன்று வாங்கியும் மனம் ஒட்டவில்லை.

ஒரு மத்தியானம் தெருவில் அதே சத்தம் கேட்டது. பாதி தைத்த பாவாடையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். குச்சி ஐஸ் விற்கும் ஜெனிவால்டோ மணியைத் தட்டிக்கொண்டு வந்தான்.

"டேய், அது என் மணி!"

"சந்தையில வாங்கினேன்க்கா. உங்க பேரா எழுதியிருக்கு?"

"பெரிய வாய்க்குள்ள பாரு. விரிசலைப் பித்தளை வச்சு ஒட்டியிருக்கும். அதான் சளி புடிச்ச மாதிரி கரகரங்குது."

கவிழ்த்துப் பார்த்தவன் சிரித்துவிட்டான். "சரி, இதைக் குடுத்துட்டு நான் தொண்டை கிழியக் கத்தணுமா?"

வால்டெலிஸ் மணியை வாங்கித் தாளம் போட்டாள். ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டுக்காரி இடுப்பை ஆட்டிக்கொண்டே ஐஸ் வாங்க வந்தாள்.

"நான் தட்டினப்ப இது இப்படிப் பேசலியே! எப்படிக்கா?"

"ஊர்வலத்துக்கு வந்து பாரு."

தன் புது மணியை அவனுக்குக் கொடுத்தாள். கார்னிவலன்று ஐஸ் பெட்டியோடு வந்த ஜெனிவால்டோ, அவள் மணிக்கட்டையே பார்த்தபடி கூடவே நடந்தான். பெட்டியில் எல்லாம் உருகிவிட்டதை வீட்டுக்குப் போய்த்தான் கவனித்தான்.