லோரி லேட்டானால் கடைக்கு வரணும்

காய்கறி ஆர்டர் எடுக்கிற வேலைக்குக் காது வேண்டும், வாய் வேண்டும், ஒரு போன் வேண்டும். காலுக்கு அதில் வேலையே இல்லை, ஆனால் எல்லாரும் முதலில் பார்ப்பது காலைத்தான். எனக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு காலும் விறைப்பு, நடக்க இரண்டு ஊன்றுகோல். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குக் காலைக் காரணம் சொல்ல மாட்டேன். இப்போது பிரிஞ்சாங் என்ற மலை ஊரில் ஒரு காய்கறி வியாபாரிக்காக, தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்தே கோலாலம்பூர் ஆர்டர்களை எடுக்கிறேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சக பாவிகளே, மீதி உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

எனக்குப் போட்ட பாதை

முதலில் கடைக்குத்தான் போனேன். வாசலில் படிகள். முதலாளி நல்ல மனிதர். நான் கேட்காமலேயே படிமேல் சிமெண்டில் ஒரு சரிவுப் பாதை போட்டுக் கொடுத்தார். சிமெண்ட் காய்ந்த அன்றே, அதில் தள்ளுவண்டி எவ்வளவு சுகமாக இறங்குகிறது என்று எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் நாள் முழுக்க முட்டைக்கோஸ் கூடைகள் இறங்கின. நான் கீழே மழையில் நின்றேன்.

ஒருநாள் நசுங்கிக் கிடந்த இலையில் ஊன்றுகோல் வழுக்கி விழுந்தேன். லோரி டிரைவர் தேவா அண்ணன் என்னைத் தூக்கி நிறுத்தி, ஆறுதலாகச் சொன்னார்: "மெதுவா வாயேன்லா ரூபிணி, கோசுக்குத்தானே அவசரம்."

நிபந்தனை

ஆர்டர் போனில் வருகிறது. தோட்டக்காரர்களுக்கும் போனில்தான் சொல்கிறேன். பிறகு நான் எதற்கு இங்கே வர வேண்டும்? முதலாளியிடம் நேராகவே கேட்டேன். பாதை போட்ட மனிதருக்கு மனசு சுருக்கென்றது. அந்தப் பாதையைப் பார்த்தார். "சரி, வீட்டுலேயே செய். ஆனா ஒருநாள் லோரி லேட்டாச்சுன்னா மறுநாள்லருந்து நீ கடைக்கு வரணும். முடியலன்னா நான் வேற ஆளு பாத்துக்குவேன்."

சும்மா இருக்கிற பொண்ணு

எங்கள் லயத்தில் பகலில் வீட்டில் இருந்தால் நோயாளி, இல்லாவிட்டால் கைக்குழந்தை. மூன்றாவதாக ஒரு வகை இருப்பதை யாரும் நம்புவதில்லை. சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அடுப்படி ஜன்னல், என் ஆபீஸ் அதுதான். அங்கே ஒரு மொத்த வியாபாரியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு செல்வி அக்கா தேயிலை மலையிலிருந்து போன்மேல் போன் போடுவார். மேலே மழை இறங்கிவிட்டதாம், அவர் வீட்டுத் துணியை நான் எடுக்க வேண்டுமாம்.

"அக்கா, நான் வேலையில இருக்கேன், போன்ல பேசிட்டிருக்கேன்" என்றேன் ஒருநாள். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டார்: "போன்ல பேசறது வேலைன்னா, எம் புருஷன் தெனமும் ஓவர்டைமுல்லடி பாக்குறாரு?"

ஈரக் கழிவு

அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். மழை நாளில் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று எடையில் கழித்துவிடுவார்கள். அந்தப் புலம்பலைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஒரு வாரம் விடாமல் மழை. பக்கத்து ஊர் திரிங்காப் தோட்டக்காரர்களுக்குக் கீரை ஆர்டர் சொல்லும்போது, என்னை அறியாமலே "ஈரத்துக்கும் சேத்து அறுத்துருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். காய்கறியில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. கேட்டவர்கள் சந்தோஷமாகக் கூடுதலாகவே அறுத்து அனுப்பிவிட்டார்கள்.

லோரி கொள்ளவில்லை. எல்லாவற்றையும் இறக்கித் திரும்ப அடுக்கினார்கள். வெளிச்சத்தோடு மலை இறங்க வேண்டிய லோரி இருட்டியபின் கிளம்பியது. முதலாளி போன் போட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "தண்ணிக்குக் கழிக்க இது என்னம்மா தேயிலையா? நாளைக்குக் கடைக்கு வந்துரு."

மறுநாள்

உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். தினமும் அந்த ஈரத்தில் ஏறி இறங்க என்னால் முடியாது. வேலையை விட்டால், செல்வி அக்கா நினைக்கிற மாதிரி நிஜமாகவே சும்மா இருக்கிற பொண்ணாகிவிடுவேன். அம்மா ஊன்றுகோல் நுனியின் ரப்பரைத் துடைத்துக் கொடுத்தார்.

நான் போய் இறங்கியது லோரியில் சாமான் ஏற்றுகிற நேரம். பாதை முழுக்கக் கூடைகள். "புள்ளைக்கு வழி விடுங்கடா!" என்று முதலாளி மேலேயிருந்து சத்தம் போட்டார். தள்ளுவண்டிகளை அவசரமாகப் பின்னால் இழுத்தார்கள். ஒரு கூடை சாய்ந்தது. அது அடுத்ததைச் சாய்த்தது. முட்டைக்கோஸ் ரோட்டில் உருண்டு ஓடியது, பின்னாலேயே எல்லாரும் ஓடினார்கள், தேவா அண்ணனும் ஓடினார். உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டியவள் நான். பாதையின் பாதியில் இரண்டு கோஸுக்கு நடுவே ஊன்றுகோலை எங்கே ஊன்றுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் லோரி லேட். முதலாளி ஒரு கோஸைக் கையில் வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடித்து ஓய்ந்த போனைப் பார்த்தார்.

"நீ வந்தாத்தான்மா லோரி லேட்டாகுது. வீட்டுக்குப் போயி போனை எடு."

ஊனமுற்ற பிள்ளைக்கு வசதி செய்து கொடுத்த முதலாளி என்று ஊரெல்லாம் அவரைப் பாராட்டுகிறார்கள். கடைசியில் பாதை முட்டைக்கோஸுக்கு, வீடு எனக்கு, இருவருக்குமே திருப்தி.