நாலு பட்டையும் ஒரு கிரைண்டரும்

எங்கள் பக்கத்து வீட்டு வசந்தியின் கார், போன மாதம் ஜட்சர்லா தாண்டி நெடுஞ்சாலையில் கவிழ்ந்துவிட்டது. இதை எழுத இப்போதுதான் எனக்கு மனம் வந்தது.

காருக்குள் யாரும் இல்லை. கார் ஓடவும் இல்லை. ஒரு டிரெய்லரின் மேல் ஏறி, நாலு பட்டை போட்டு இறுக்கிக் கட்டப்பட்டு, ஹைதராபாத்திலிருந்து திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. கட்டியவர் யார் தெரியுமா? வசந்தியின் கணவர் கணேசன் சார். பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில், விலை உயர்ந்த கருவிகளைப் பெட்டியில் போட்டு, லாரியில் அசையாமல் கட்டி அனுப்புவதையே வேலையாகப் பார்த்து ஓய்வு பெற்றவர்!

வசந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் போலியோ. இரண்டு காலிலும் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி, கையில் ஊன்றுகோல். ஆனால் ஹைதராபாத் அல்வாலில் எங்கள் காலனிக்காரர்கள் அவளைக் காருக்குள் பார்த்ததுதான் அதிகம். பிரேக், ஆக்சிலரேட்டர் எல்லாம் கையாலேயே இயக்கும்படி மாற்றிய கார் அது. தினமும் தானே ஓட்டிக்கொண்டு மல்காஜ்கிரியில் ஒரு பள்ளிக்குக் கணக்கு டீச்சராகப் போய் வந்தாள். திருமுல்கேரிக்கு ஏதாவது வாங்கப் போனால் என்னையும் ஏற்றிக்கொள்வாள். "அக்கா... பெல்ட்!" என்று வகுப்பில் அதட்டுகிற மாதிரி அதட்டுவாள். அவளுக்கு யார் தயவும் தேவைப்பட்டதில்லை. எனக்குத்தான் அவள் தயவு தேவைப்பட்டது.

சார் ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான திருச்சிக்கே போய்விடுவதென்று முடிவானது. அங்கேயும் ஒரு பள்ளியில் வேலை தயார். பள்ளி திறக்கும் நாளில் சேர வேண்டும். அதற்குள் கார் போய்ச் சேர வேண்டும் — அவ்வளவுதான்.

காரை எதில் அனுப்புவது? பல கார்களை ஒன்றாக ஏற்றுகிற மூடிய கன்டெய்னர் இருக்கிறது. பாதுகாப்பானதுதான். ஆனால் அது நிரம்பினால்தான் கிளம்பும். தவிர, ஏற்றுகிற இடத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து ஓட்டித்தான் மேலே ஏற்றுவார்.

"நக்கோ!" என்று ஹைதராபாத் பாணியில் மறுத்தாள் வசந்தி. "தெரியாதவன் எவனாவது ஏறி லீவரைப் பிடிச்சு இழுத்து வெச்சான்னா? என் காரை யாரும் ஓட்டக் கூடாது."

ஆகவே, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுக்கிற, ஒரே ஒரு கார் ஏறும் டிரெய்லர். அதிலும் சார் மூன்றைப் பார்த்தார். முதலாவதுக்கு ஒரே அச்சு. வேண்டாம் என்றார். இரண்டாவதற்கு அச்சு இரண்டு, ஆனால் டிரெய்லருக்கென்று தனி பிரேக் இல்லை. "இறக்கத்துல பின்னாடி இருக்கற காருதான் முன்னாடி இருக்கற வண்டியை ஓட்டும்மா" என்று எனக்கு விளக்கம் வேறு. மூன்றாவதில் எல்லாம் இருந்தது. ஸ்டார்ட் பண்ணாமலே காரைக் கம்பி வடத்தில் மாட்டி மேலே இழுக்கிற வின்ச்சும் இருந்தது. ஓட்டுநர் இம்தியாஸ் பாய் ஒரு சாயங்காலம் வந்து ஏற்றினார். வசந்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கார் கடைசி அங்குலம் ஏறும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது கட்டுவது. இதிலும் இரண்டு விதம். டயரைச் சுற்றிப் பட்டை போடலாம். அப்போது சக்கரம் நகராது, ஆனால் மேலே உடம்பு ஸ்பிரிங்கில் கொஞ்சம் ஆடும். அல்லது காரின் அடிச்சட்டத்தில் கொக்கி மாட்டி, உடம்பையே கீழே இழுத்து இறுக்கலாம். டிரெய்லரில் இரண்டுக்கும் பட்டை இருந்தது. சார் இரண்டாவதைத்தான் எடுத்தார். எதுவும் ஆடக் கூடாது அவருக்கு. ஆய்வகத்துப் பெட்டிகளுக்கு ஸ்பிரிங் கிடையாதே!

"ஆப் கீ மர்ஜி, சாப்" — உங்கள் இஷ்டம் என்று இம்தியாஸ் பாய் தோளைக் குலுக்கினார். அவருக்கு எப்படிக் கட்டினாலும் ஒன்றுதான்.

நாலு பட்டையும் இறுகியதும், இறுக்கும் பல்சக்கரங்களின் மேல் சார் வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோடு நகராத வரைக்கும் கட்டு தளரல்லேன்னு அர்த்தம். நீங்க கையே வைக்க வேணாம் பாய், வழியில கோட்டை மட்டும் பாருங்க."

எவ்வளவு அழகான ஏற்பாடு! நான் மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை. சாமான் லாரி முன்னமே போய்விட்டது. வீட்டில் மிச்சம் இருந்தவை கடைசி ராத்திரி வரைக்கும் தேவைப்பட்ட பொருள்கள். கரன்ட் போனால் வேண்டுமே என்று இன்வெர்ட்டர் பேட்டரி. அரை மூட்டை அரிசி. பித்தளைப் பாத்திரங்கள். அப்புறம் கிரைண்டர்... ரயிலுக்கு இட்லி கட்ட வேண்டாமா? மிளகாய்ப் பொடி தடவிய இட்லி இல்லாமல் ஊர் மாறிய தமிழ்க் குடும்பம் ஏதாவது இருக்கிறதா?

"ஏங்க, இதையெல்லாம் ரயில்ல யாரு தூக்கறது? டிக்கி காலியாத்தானே கிடக்கு?" என்றாள் வசந்தி.

"அட, ஆமா. இடம் சும்மாத்தானே இருக்கு" என்றார் சார்.

இம்தியாஸ் பாய் டீ குடிக்கப் போயிருந்தார். சாரே டிரெய்லர் மேல் ஏறி எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்கினார். கிரைண்டர் அடிபடக் கூடாதே என்று பழைய ஜமுக்காளத்தைச் சுற்றினார்.

என்ன ஆகும்? பாரம் ஏறியதும் காரின் பின்பக்கம் ஸ்பிரிங்கில் அமுங்கும். உடம்பு இரண்டு விரல் இறங்கினால், உயரத்தில் இருந்தபோது இறுக்கிய பட்டை அந்த அளவுக்குத் தொளதொளத்துவிடும். ஆனால் பல்சக்கரம் நகரவில்லையே... வெள்ளைக் கோடு போட்ட இடத்திலேயே இருக்கும்! ஷம்ஷாபாத் தாண்டி வண்டியை நிறுத்திய இம்தியாஸ் பாய், சொன்னபடி கோட்டைப் பார்த்தார். சரியாக இருந்தது. கிளம்பிவிட்டார்.

போதாக்குறைக்குப் பின்பாரம் வேறு. பின்பக்கம் கனத்த டிரெய்லர் இறக்கத்தில் வாலை ஆட்ட ஆரம்பித்தது. தொளதொளத்த கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கார் பின்னாலேயே சறுக்கி ரோட்டில் விழுந்து, உருண்டு, சாலை நடுவே இருக்கும் பள்ளத்தில் குப்புறக் கிடந்தது. இம்தியாஸ் பாய்க்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த பஸ் கொஞ்சம் தள்ளி வந்ததால் தப்பித்தது.

நம் வீடுகளில் மிக ஆபத்தான வாக்கியம் எது என்று கேட்டால், 'இடம் சும்மாத்தானே இருக்கு' என்பதைத்தான் சொல்வேன். டூவீலரில் நாலாவது ஆளை ஏற்றுவது இந்த வாக்கியம்தான். காரை டிரெய்லரில் அனுப்புகிறவர்களே, தயவுசெய்து டயரைக் கட்டுங்கள். உள்ளே ஒரு டம்ளர்கூட வைக்காதீர்கள். வழியில் கோடு, கீடு என்று பார்க்காமல், நிறுத்திப் பட்டையைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தி திருச்சியிலிருந்து பேசினாள்.

"ரயில்ல இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சப்பத்தான் அக்கா, பாய் போன் வந்துச்சு. அப்படியே மூடிட்டேன்." பிறகு மற்ற செய்தி. கார் இனி உதவாது. இன்னொரு கார் வாங்கி, மாற்றி, ஆர்.டி.ஓ.வில் காட்டி ஒப்புதல் வாங்க மாதக்கணக்கில் ஆகும். பள்ளி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு டீச்சரைப் போட்டுக்கொண்டது.

"இப்ப ஆட்டோவில ஏத்தி விடவும் இவர் வேணும், இறக்கி விடவும் இவர் வேணும். அதனால எங்கேயும் போறதில்ல."

"சார் எப்படி இருக்கார்?"

"பேசறதே இல்ல. நீங்க ஏதும் சொல்லிடாதீங்க அக்கா. டிக்கி காலியாக் கிடக்குன்னு சொன்னது நான்தானே?"

அவள் பக்கம் கடகடவென்று ஏதோ சத்தம். பேச்சை மாற்றலாம் என்று, "அது என்ன வசந்தி சத்தம்?" என்று கேட்டேன்.

"கிரைண்டர், அக்கா. அதுக்கு ஒண்ணுமே ஆகல."