அத்தைக்குத் தனி அடுப்பு

குடும்பம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மயிலாப்பூர் குளத்தங்கரையில் அப்பாவைப் பார்க்கிறவர்கள், "குடும்பம் சௌக்கியமா?" என்பார்கள். அவர்கள் கேட்டது அம்மாவை மட்டும். அத்தையை யாரும் விசாரித்ததில்லை.

அத்தை அப்பாவின் அக்கா. பதினாறு வயதில் கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். மடி, ஆசாரம் என்று கொல்லைப்பக்கத்து அறையில் தனி அடுப்பு போட்டு, தானே பொங்கி, ஒருவேளை சாப்பிடுவாள். பிறர் சமைத்ததைத் தொடமாட்டாள். நாங்கள் புழங்கும் அடுப்பிலும் சமைக்கமாட்டாள்.

யுத்த காலத்தில் ரேஷன் வந்தது. ஆள் கணக்கெடுக்க வந்த குமாஸ்தா வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டு அடுப்பு கீதே?"

"அது எங்க அக்காவோடது. எங்க அடுப்புப் பக்கமே வரமாட்டா. அவ்வளவு மடி," என்றார் அப்பா. அதில் அவருக்கு அத்தனை பெருமை.

ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்று அந்தக் குமாஸ்தா எழுதிக்கொண்டார். அத்தைக்குத் தனிக் கார்டு வந்தது. அப்பா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

யுத்தம் முடிந்ததும் வீட்டுக்காரருக்கு எங்களைக் கிளப்பிவிட ஆசை வந்தது. வாடகைச் சட்டம் குறுக்கே நின்றது. ஆனால் உள்வாடகைக்கு விட்டவர்களைக் கிளப்பலாம். ரேஷன் கடையில் துருவி விசாரித்தார். தனிக் கார்டு, தனி அடுப்பு. ஆகவே அத்தை வேறு குடும்பம், எங்களிடம் வாடகைக்கு இருக்கிறாள் என்று மனு போட்டார். கூடப்பிறந்தவளை! வாய் கூசவில்லை அந்த மனுஷனுக்கு.

எங்கள் வக்கீல் சிரித்துக்கொண்டே வழி சொன்னார். "ரெண்ட் கண்ட்ரோல் ஆபீஸ்லேர்ந்து நேர்ல பார்க்க வருவா. ஆத்துல ஒரே அடுப்புதான் இருக்கணும். கார்டையும் ஒண்ணாச் சேர்த்துடுங்கோ."

அத்தையிடம் சொல்லும் தைரியம் பெரியவர்கள் யாருக்கும் இல்லை. என்னை அனுப்பினார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"என்னால உங்களுக்கு வீடு போகப்படாது," என்றாள்.

மண் அடுப்பை உலக்கையால் தானே இடித்தாள். மண்ணை வாரிக் கொட்டிவிட்டு அந்த இடத்தை மெழுகினாள்.

வந்தவர் ஒரு அடுப்பைப் பார்த்தார். ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார். மனு தள்ளுபடியானது. நியாயம் ஜெயித்துவிட்டதாக அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு அத்தைக்குச் சோறு இல்லை. பால், வாழைப்பழம், ஊறவைத்த அவல், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் ரவிக்கையில்லாத அவள் தோளெலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. கையில் தூக்கி வைக்கிற குமுட்டி அடுப்பாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"எவனாவது பார்த்துத் தொலைச்சா? திரும்பவும் கேஸு, கோர்ட்டுன்னு யார் அலையறது?" என்றார் அப்பா.

வீட்டுக்காரர் அதன்பின் ஒருவரையும் அனுப்பவில்லை. எதற்கெடுத்தாலும் வாயாடுகிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். அப்பா அப்படிச் சொன்ன அன்று மட்டும் நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தேன்.