எட்டரை மணிக் கதையில் மாரியம்மாள் செய்த மாற்றம்

கடலூர் சோனங்குப்பத்து மீன்காரி மாரியம்மாள் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் டிவியில் வரும் இரவு எட்டரை மணித் தொடரில் எந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்டால் நாள் பிசகாமல் சொல்வாள். 2004 சுனாமியில் கணவன் சுப்புராயன் போனான். அரசு கொடுத்த கலர் டிவி 2008இல் சுனாமிக் குடியிருப்புக்கு வந்தது. அந்தத் தொடர் தொடங்கியது மறு ஆண்டு. இடையில் நடந்த ஒன்றையும் சொன்னால்தான் அவளை விளங்கிக்கொள்ள முடியும்.

2006இல் ஒரே மகள் செல்லாயியைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தாள். ஓராண்டுக்குள் செல்லாயி மூன்று முறை தாய்வீட்டுக்கு ஓடி வந்தாள். மூன்று முறையும் மாரியம்மாளே அவளைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போய், ஜன்னலோரம் உட்காரவைத்து, "பொறுத்துக்கினு போ கண்ணு, எல்லாம் சரியாப் பூடும்" என்று திருப்பி அனுப்பினாள். நான்காவது முறை சேதிதான் வந்தது. ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். ஓடிப்போய்ப் பார்த்தபோது, வாசற்படியின் கீழே செல்லாயியின் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. அது மாரியம்மாள் கண்ணைவிட்டு அகலவேயில்லை.

தொடரின் நாயகி வெண்மதி சட்டக் கல்லூரி மாணவி. முதல் மாதத்திலேயே, பேருந்தில் சீண்டியவனின் காலரைப் பிடித்துக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போனவள். கல்யாணமானதும் அவளுக்கு வசனம் குறைந்தது. 2011 முடிவதற்குள், அடித்த கணவனுக்காக மண்சோறு சாப்பிடும் பெண்ணாகிவிட்டாள்.

"காலரப் புடிச்ச கை எங்க போச்சு?" என்று துறைமுகத்து ஏலத்தில் நின்றுகொண்டு கேட்பாள் மாரியம்மாள். "பயந்துட்டான்னா, எப்பப் பயந்தா, எதுக்குப் பயந்தான்னு காட்டணுமில்ல? ராத்திரி படுத்தா, காலைல வேற ஆளா எந்திரிக்கிறா. கத எழுதுறவன் அவ வாயில துணிய அடச்சிட்டான்."

"நீ போயி எழுதேன்" என்பார் ஏலக்காரர் கோவிந்தசாமி.

"எழுதத் தெரிஞ்சா, கவளை மீனுக்கு உங்கிட்ட ஏன் மல்லுக்கட்டிக்கினு நிக்கிறேன் மாமா?"

2012 தொடக்கத்தில் மின்வெட்டு பகுதிக்குப் பகுதி முறைவைத்து மாறிக்கொண்டிருந்தது. குப்பத்தில் எட்டரைக்கு மின்சாரம் இருந்தது. அவள் மீன் விற்கும் நெல்லிக்குப்பத்துத் தெருவில் எட்டு முதல் ஒன்பது வரை இல்லை. ஆகவே காலையில் கூடையோடு கதையும் அங்கே போயிற்று. மீனை அரிந்து கழுவிக் கொடுக்கும் நேரம் ஒரு நாள் கதைக்குச் சரியாக இருந்தது.

தெருவின் கடைசி வீடு பட்டம்மாளுடையது. மகன் ஆகாஷ் கரும்பு லாரி ஓட்டுபவன். மாரியம்மாள் பாப்பா என்றே அழைக்கும் மருமகள் மோகனப்பிரியா பி.காம். முடித்தவள், தாய் தகப்பன் இல்லாதவள். மார்ச் மாதத்தில் ஒரு நாள், மீன் தேய்க்கச் சாம்பல் கொண்டுவந்து வைத்தபோது அவள் புடவைத் தலைப்பு விலகியது. மணிக்கட்டைச் சுற்றிக் கயிற்றின் தடம் தெரிந்தது. அரிவாள்மனையில் மாரியம்மாளின் கை நின்றுவிட்டது.

அன்று இரவுத் தொடரில் வெண்மதி கணவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் பட்டம்மாள் வீட்டுப் பின்கட்டில் மாரியம்மாள் வேறு கதை சொன்னாள்.

"மாமியாக்காரி கோயிலுக்குப் போற வெள்ளிக்கெழமையாப் பாத்தா வெண்மதி. பீரோவுலேந்து சர்ட்டிபிகேட்ட எடுத்து மஞ்சப் பையில போட்டா. நகை நட்டு ஒண்ணையும் தொடல. நேரா பஸ் ஏறிட்டா."

"இவல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள் பட்டம்மாள். "வால ஒட்ட நறுக்காத மாரி."

மோகனப்பிரியா குரல் எழும்பாமல் கேட்டாள். "அப்பறம் எங்கக்கா போனா?"

அதை மாரியம்மாள் யோசித்திருக்கவில்லை. "மீன் விக்கிற அம்மா ஒருத்தி இருக்கா. சாயங்காலம் நாலு மணிக்குக் கடலூரு பஸ் ஸ்டாண்டுல, தண்ணித் தொட்டிகிட்ட வெறுங்கூடையோட நிப்பா. அவகிட்டப் போனா."

"நாடகத்துல மீன்காரி வேறயா?" என்று பட்டம்மாள் சிரித்தாள்.

அடுத்த பத்து நாட்களில் பேருந்து எண், டிக்கெட், தங்க இடம் என்று கதை வளர்ந்தது. ஒரு காலையில் பின்கட்டு ஆணியில் மஞ்சள் பை ஒன்று தொங்கியது. மாரியம்மாள் அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல் குனிந்துகொண்டாள்.

ஏப்ரல் பிறந்ததும் மின்வெட்டு முறை மாறியது. எட்டரைக்குக் குப்பம் இருண்டது. தொடரைப் பார்க்க முடியவில்லையே என்று அவள் வருந்தவில்லை. அவள் கதைதான் தனியே ஓடிக்கொண்டிருந்ததே. இங்கே இருட்டானால் அங்கே வெளிச்சமாகியிருக்கும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. பங்குனி உத்திரத்துக்காக இரண்டு நாள் தொழிலுக்குப் போகாமல், வெள்ளிக்கிழமை காலை நெல்லிக்குப்பம் வந்தாள்.

பட்டம்மாள் கோயிலுக்குப் போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புது மண்ணெண்ணெய்க் கேன் ஒன்று இருந்தது.

"வா மாரி, இங்கயே உக்காரு. ரெண்டு நாள் கதை கேக்கல. சொல்லு."

வெண்மதி டைப்பிங் வேலைக்குச் சேர்ந்ததை மாரியம்மாள் சொன்னாள். மீன்காரி வீட்டில் தங்கியிருப்பதைச் சொன்னாள். பட்டம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"அந்த மீன்காரி பேரு என்னா?"

"பேரு இன்னும் சொல்லலக்கா."

"நாலு மணிக்குத் தண்ணித் தொட்டிகிட்ட நிப்பாளே, அவதான?" பட்டம்மாளின் குரல் உயரவேயில்லை. "திங்கக்கெழமையிலேந்து இங்க எட்டரைக்குக் கரண்ட் இருக்கு மாரி. வெண்மதி வூட்டுலதான் இருக்கா. புருஷனுக்குத் தோசை சுட்டுப் போடுறா."

மாரியம்மாள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "பாப்பா எங்கக்கா?"

"பெரியம்மா வூட்டுக்கு, சிதம்பரம் போயிருக்கா."

"கேனு எதுக்கு?"

"வெளக்குக்குத்தான்."

படியின் கீழே மோகனப்பிரியாவின் செருப்பு ஜோடியாக இருந்தது.

மாரியம்மாள் எழுந்தாள். கூடையைத் தெருவுக்குத் தூக்கிப் போகாமல், அந்தப் படிக்கு எதிரிலேயே நகர்த்தி வைத்தாள். பிறகு, தினமும் தெருமுனையில் கூவுவதுபோலவே நீட்டிக் கூவினாள். "மீனே... சங்கரா மீனே... இன்னிக்குக் காசு வேணாம், பாத்திரம் எடுத்தாங்க."

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் வந்தவள் அடுத்த வீட்டு ஹஃப்சா.

"என்னாக்கா, லாட்டரி கீட்டரி அடிச்சிச்சா?"

"நில்லு தாயி. எல்லாரும் வரட்டும்."

ஒன்பது பெண்கள் சேரும்வரை ஒரு மீனைக்கூட அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு பொதுவாகச் சொன்னாள். "பாப்பா சிதம்பரம் போயிருக்காளாம். செருப்பு இல்லாம போயிருக்கா."

ஹஃப்சா படியின் கீழே பார்த்தாள். பேச்சு அடங்கியது. அந்த அமைதியில், வீட்டின் பின்னறையிலிருந்து கதவைத் தட்டும் சத்தம் மெல்லிதாக வந்தது. நின்றது. மறுபடியும் வந்தது.

பட்டம்மாளின் கை இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை மூடிக்கொண்டது.

"சாவிய எடுங்கக்கா" என்றாள் ஹஃப்சா.

பட்டம்மாள் எடுக்கவில்லை. வெறும் பாத்திரங்களோடு நின்ற பெண்களில் ஒருத்தியும் வீட்டுக்குத் திரும்பவில்லை. மாரியம்மாள் குனிந்து மண்ணெண்ணெய்க் கேனை எடுத்துத் தன் கூடைக்குள் வைத்துக்கொண்டு, அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.