ஹில்டா அம்மா வீட்டில் ஒரு சாமந்தி மாலை

போன வெள்ளிக்கிழமை பெரிய காஞ்சிபுரம் பூக்கடையில் ஒரு கூடைச் சாமந்தியைச் சாக்கில் கொட்டினார்கள். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் நான் நின்ற இடம் காஞ்சிபுரமாக இல்லை. மூடுபனியும் கரிப்புகையுமாக ஒரு ஜெர்மன் ஊர். அறுபதுகளின் கடைசியில் பட்டுக்குச் சாயமேற்றும் படிப்புக்காக அங்கே போயிருந்தேன். நம்புங்கள், அப்போது எனக்குத் தலையில் முடி இருந்தது.

தங்கியது ஹில்டா அம்மா வீட்டு மாடியறையில். அவர் தனி ஆள். சுவரில் பட்டாளத்து உடுப்பில் சிரிக்கும் அவர் மகனின் படம். கட்டிலடியில் அவனுடைய ஷூ. சனிக்கிழமை தவறாமல் வந்து அதற்குப் பாலிஷ் போடுவார். செத்தவருக்குப் பலகாரமும் புது வேட்டியும் வைத்துப் படைக்கிற வீட்டுப் பிள்ளை நான். போரில் போன மகனுக்கு இதுவும் ஒரு படையல் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இலையெல்லாம் உதிர்ந்து, பகலே அந்தி போலக் கிடந்த நாட்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு கடை நிறையச் சாமந்தி. அடடா, சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது! வெள்ளிக்கிழமைதோறும் தாத்தா படத்துக்குப் பூ வைக்கும் என் அம்மாவின் குரல் காதில் கேட்டது. "படத்துல இருக்கறவங்களுக்கு நம்மள வுட்டா வேற யாருபா இருக்கா?" வாங்கி வந்தேன். தையல் நூலில் கோணல்மாணலாகக் கட்டி அந்தப் பையன் படத்துக்கு மாட்டினேன். லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் பாலிஷ் டப்பாவோடு வந்த ஹில்டா அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த ஊரிலும் சாமந்தி செத்தவர்களுக்கு வைக்கிற பூதான். அவர் பேசியது ஜெர்மன். என் நினைவில் மட்டும் அது எங்கள் ஊர்த் தமிழாகவே தங்கிவிட்டது.

"அவன் செத்துட்டான்னு யாருபா சொன்னது உனக்கு? ரஷ்யாவுல காணாம போனவன். வந்துடுவான்னுதான் இத்தினி வருஷமா தொடச்சி வெச்சிக்கினு இருக்கேன்."

ஐயோ! மாலையைக் கழற்றக் கையை நீட்டினேன்.

"இருக்கட்டும்" என்றார். கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் படத்தையே பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பனியில் எதிர்வீடு கரைந்துகொண்டிருந்தது.

"மாலை போட்டாச்சு. உங்க ஊர்ல அப்புறம் என்னா பண்ணுவீங்க?"

"அழுவோம்மா. தெருவே வந்து கட்டிப்புடிச்சிக்கினு அழும்."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

அவர் அழுதார். முதலில் இருமல் போல வந்தது, அப்புறம் வாய்விட்டே வந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பார்த்தே இராத ஒருவனுக்காக நானும் அழுதேன். அவ்வளவு பாரம் இறங்கிய ஒரு பகல் அந்த நாட்டில் எனக்கு வேறு வாய்க்கவில்லை.

ஹில்டா அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. போன மாதம் இங்கே என் அண்ணன் போனார். கண்ணாடிப் பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, கூட்டம் எல்லாம் இருந்தது. அவரவர் போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெருங்குரலெடுத்து அழுதேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்:

"பெரியவரைக் கொஞ்சம் உள்ள கூட்டிக்கினு போங்கப்பா."