கட்டையில் ஒன்பது வெட்டு

கடலூர் முதுநகரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது மச்சான் போன் செய்தான். என் மனைவியின் தம்பி. பழைய வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டுக் கமிஷன் வாங்குவது அவன் தொழில்.

“மாமா, சிதம்பரத்துல ஒரு பெரிய வீட்ட காலி பண்றாங்க. வெள்ளக்காரன் காலத்து பட்டாளத்து ரைபிள் மூணு கெடக்குது. சுட முடியாதபடி அடைச்சி, கவர்மெண்ட் பேப்பர்லாம் பக்காவா இருக்கு. நீங்க வந்து கண்டிஷன் இன்னா, இன்னா வெல போவும்னு எழுதிக் குடுங்க.”

ராணுவப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கி பழுதுபார்த்தவன் நான். பழையதைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.

ஏலம் மறுநாள், ஒரு கல்யாண மண்டபத்தில். தேக்கு பீரோக்களுக்கு நடுவே மேசைமேல் மூன்றும் கிடந்தன. முதல் இரண்டும் பாழாகிக் கிடந்தன. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஆக்கியிருந்தார்கள். இரும்பில் பொறித்த எழுத்துகள் பாதி மழுங்கிவிட்டன. தோளில் வைக்கும் மரக் கட்டையில் புது வார்னிஷ் நாறியது. நூறு வருஷத்துக்கு மேல் படிந்த கருமைக்குத்தான் விலை. தேய்த்துவிட்டால் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

மூன்றாவது தப்பியிருந்தது. இரும்பு புளியங்கொட்டை நிறத்தில் இருந்தது. திருகாணித் தலைகள் சிதையவில்லை. டார்ச் அடித்துக் குழலுக்குள் அடைப்புவரை பார்த்தேன். சுழன்று போகும் வரிகள் தெளிவாகத் தெரிந்தன. கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மச்சான் தாளை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தான். “பளபளன்னு இருக்குறதுக்கு கம்மி, அழுக்கா இருக்குறதுக்கு ஜாஸ்தியா?”

“தேய்ச்சவன் கைய ஒடிக்கணும்டா.”

“நான்தான் மாமா ஆள் வச்சித் தேய்ச்சேன்.”

மூன்றாவதைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையாட்டினான்.

மறுநாள் காலை ஏலத்தில் மூன்றாவது ரைபிளைத் தூக்கிக் காட்டியபோது, கட்டையில் வரிசையாக ஒன்பது வெட்டுகள் இருந்தன.

“ஒரு வெட்டு, ஒரு உயிரு!” என்று மைக்கில் முழங்கினான் மச்சான். “சுட்டுத் தள்ளுன ஒவ்வொருத்தனுக்கும் அந்தப் பட்டாளத்தான் ஒரு கோடு போட்டுருக்கான் பாருங்க!”

மளமளவென்று கைகள் உயர்ந்தன. நான் எழுதிய விலை ஒரு நிமிடத்தில் இரண்டு மடங்கானது. எழுந்து முன்னால் போய், ஈரக் கைக்குட்டையால் வெட்டுகளை அழுத்தித் துடைத்தேன். பழசாகத் தெரியப் பூசியிருந்த சாயம் கைக்குட்டையில் இறங்கியது. உள்ளே மரம் வெளுப்பாக இருந்தது.

“நேத்து நான் பாத்தப்ப இது இல்ல. நேத்து சாயங்காலத்துக்கு மேல வெட்டுனது” என்றேன்.

“மாமா, சும்மா இருங்க” என்று மச்சான் பல்லைக் கடித்தான்.

கை தூக்கியிருந்தவர்களில் ஒருவர் ரிசார்ட் நடத்துகிறவர். தூக்கிய கையை அவர் இறக்கவில்லை. “இருக்கட்டும் சார். ரிசப்ஷன்ல மாட்டப் போறேன். வர்றவங்களுக்குச் சொல்ல ஒரு கத வேணும்ல?”

“செத்தது யாராம்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“வேற யாரு, நம்ம ஆளுங்கதான்!” என்றான் மச்சான் மைக்கில்.

மண்டபமே சிரித்தது. பொய்யைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. விலை மூன்று மடங்கில் முடிந்தது. வாங்கிய ரிசார்ட்காரர் வெட்டுகளின்மேல் விரலை வைத்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்.

நான் மேசையில் இருந்த என் தாளை எடுத்து, கையெழுத்துக்கு மேலே ‘வெட்டுகள் புதியவை, பொய்யானவை’ என்று பெரிதாக எழுதி அவர் கையில் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படித்தாரா, தெரியாது.

அடுத்த மாதம் மச்சான் வீட்டுக்கு வந்தான். குறிஞ்சிப்பாடியில் ஒரு பழைய வாள் இருக்கிறதாம். வரமாட்டேன் என்றேன்.

“இதுல இன்னா இருக்கு? தம்பிக்கு ஒரு ஒதவி செய்யக் கூடாதா?” என்று மனைவி அவன் பக்கம் பேசினாள். அன்று மண்டபமே எதற்குச் சிரித்தது என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.