செல்களுக்குச் சோறு போடுகிறவர்

"என்ன, பசி எடுத்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் அந்தப் பெட்டியைத் திறப்பார். பதில் வராது. உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் அந்தப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் குடுவைகளின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பவை புற்றுநோய்ச் செல்கள். எப்போதோ யாரோ ஒருவருடைய பெருங்குடலிலிருந்து எடுத்தவை. அந்த ஆள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இவை மட்டும் அசராமல் பெருகிக்கொண்டிருக்கின்றன. பழைய சத்துத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரோஜா நிறத்தில் புதிதாக ஊற்றுவார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்த ஊழியம். விடுமுறையிலும் வந்துவிடுவார். "லீவு நமக்குத்தான். இதுங்க வயித்துக்கு ஏது லீவு?" என்பார்.

ஆண்தான் என்றாலும் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'மாமியார்' என்று பட்டப்பெயர். கையுறையில் ஸ்பிரிட் தெளிக்காமல் குடுவையைத் தொட்டவருக்கு அன்று முழுக்க அர்ச்சனைதான். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகள் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அடக்கி வாசிப்பார்கள். ஐம்பதைத் தாண்டிய டெக்னீஷியன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த அக்காவுடன் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்.

அந்த அக்காவுக்கும் அதே நோய், அதே பெருங்குடலில். கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் நோய்க்கு ஊட்டிவிட்டு, சாயங்காலம் நோயாளிக்கு ஊட்ட உட்காருகிறார் மனிதர். நோய் வஞ்சனையில்லாமல் சாப்பிடுகிறது. அக்காவுக்கு ஒரு வாய் இறங்குவதில்லை. வாயெல்லாம் புண். "வாசனையே ஆகலடா, எடுத்துட்டுப் போ" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பார்க்கச் சகிக்காது.

அவர் செய்த தப்பு ஒன்றுதான். ஆய்வுக்கூடத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். அந்த மேடம் திராட்சை விதையை அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுத்து, கீமோ மருந்தோடு சேர்த்துச் செல்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார். ஒருநாள், மருந்து மட்டும் போட்ட தட்டைவிடச் சாறும் சேர்ந்த தட்டில் செல்கள் அதிகம் செத்திருந்தன. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு நல்லா செத்துடுச்சுக்கா" என்று சொல்லிவிட்டார். சும்மா இருந்திருக்கலாம். எது செத்தது, எதைப் போட்டுச் செத்தது என்று அக்கா துருவித் துருவிக் கேட்டு வாங்கிவிட்டாள்.

அதோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

"அந்தச் சாறுல எனக்குக் கொஞ்சம் கொண்டுவாடா."

"தட்டுல நடக்கிறதெல்லாம் உடம்புல நடந்துடாதுக்கா."

"எனக்கு நடக்காதுன்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நடக்கும் என்றும் சொல்லவில்லை. மேடத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நம்ம சாறை எந்த மனுஷருக்கும் குடுத்துப் பாத்ததில்லையே. எந்தத் தைரியத்துல குடுப்பீங்க?" என்றார் மேடம். அக்காவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரும், "கீமோவோட சேர்ந்து அது என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது. இப்ப எதையும் கலக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டையும் வந்து அக்காவிடம் ஒப்பித்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அதுங்களுக்கு ஊட்ட மட்டும் தெரியுது உனக்கு."

மறுநாள் குடுவையைக் கையில் எடுத்தவர், பக்கத்திலிருந்த ப்ளீச் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கொன்றால் அக்கா வயிற்றில் இருப்பது சாகாது என்று தெரியாதவரா அவர்? ரோஜா நிறத் திரவத்தையே ஊற்றினார். ஆனால் அன்று எதையும் பார்த்துப் பசியா என்று கேட்கவில்லை.

போன வாரம் ஸ்கேன் வந்தது. கட்டி துளியும் சுருங்கவில்லை, வளர்ந்திருக்கிறது. வேறு மருந்துக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பார்க்கலாம் என்ற சொல் அக்காவுக்கு நன்றாகவே புரிந்தது.

அடுத்த நாள் வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது, அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கிண்ணம் கருந்திராட்சை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி வாங்கியிருக்கிறாள். சதையை ஒதுக்கிவிட்டு விதையைக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். உடைந்த விதை புண்ணில் குத்திக் கண்ணில் நீர் வழிந்தது. உதட்டோரம் ரத்தம். ஆனாலும் விடாமல் கடித்தாள்.

"என்னக்கா பண்ற?"

"நீ தரல. நானே எடுத்துக்கிறேன்."

அவள் இன்னொரு விதையை விரல் நுனியில் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகப் பயந்தவளாக அவரைப் பார்த்தாள்.

"கடிச்சுத்தான் ஆகணுமாடா? அப்படியே முழுங்கினா வேலை செய்யாதா?"

முழு விதையிலிருந்து ஒன்றும் இறங்காது, போனபடியே வெளியே வந்துவிடும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆய்வுக்கூடத்தில் ஒரு அளவைக்கூட மாற்றிச் சொல்லியறியாதவர்.

"அப்படியே முழுங்குக்கா. அதுவே போதும்."

டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, அவள் முதுகைத் தாங்கிப் பிடித்து, வாயருகே நீட்டினார்.